ஃபங்ஷனல் லாங்குவேஜுக்கு டெஸ்ட் ஃப்ரேம்வொர்க் எடுக்குறது எப்படி: ஹாஸ்கெல்ல வச்சு ஒரு முழு வழிகாட்டி

ஹாஸ்கெல், ஓகேமல், எலிக்ஸிர் மாதிரி லாங்குவேஜ் பக்கம் புதுசா வர்றவங்க எடுத்த உடனே கேக்குறது "எந்த டெஸ்ட் ஃப்ரேம்வொர்க் நல்லது"னு தான். ஒரு பேர சொல்லிட்டு போயிடலாம், ஆனா அந்த பேர வச்சு டெஸ்ட் எழுதுனவங்க கொஞ்ச நாள் கழிச்சு "எல்லாம் பச்சையா தான் காட்டுது, ஆனா பக் வெளிய போயிடுச்சு"னு திரும்பி வர்றத தொடர்ந்து பாத்துட்டு இருக்கேன். காரணம் பெரும்பாலும் ஒண்ணு தான், டெஸ்ட் ஓடவே இல்ல, இல்லன்னா ஓடி ஃபெயில் ஆகியும் யாருக்கும் தெரியல.

ஃபங்ஷனல் லாங்குவேஜ்ல இந்த தொல்லை கொஞ்சம் அதிகம். இங்க டெஸ்ட்டுங்கறதே ஒரு வேல்யூ, ஐஓ ஆக்ஷனும் (ஃபைல், நெட்வொர்க், ஸ்க்ரீன்னு வெளி உலகத்த தொடுற வேலை) ஒரு வேல்யூ, பல எடத்துல கணக்கே தேவைப்படுற வரைக்கும் நடக்காது. யாரும் ஓட்டாம விட்ட வேல்யூ சத்தம் போடாம ஒரு ஓரமா உக்காந்திருக்கும். அதனால கீழ வர்ற ஸ்டெப் எல்லாமே ஒரே கேள்விய சுத்தி தான்: எந்த ஃப்ரேம்வொர்க் உங்கள பொய்யா பச்சை காட்டி ஏமாத்துறது கஷ்டம்?

ஹாஸ்கெல்ல விரிவா சொல்றேன், மத்த லாங்குவேஜ் ஆளுங்களுக்கு 8வது பகுதி இருக்கு, ஆனா 1ல இருந்து 5 வரைக்கும் எல்லாருக்கும் பொதுவானது தான்.

1. ஃப்ரேம்வொர்க்க தொடுறதுக்கு முன்னாடி ரெடி பண்ண வேண்டியது

கோட் முழுக்க மெயின் ஃபைலுக்குள்ள இருந்துச்சுன்னா முதல்ல அத லைப்ரரியா பிரிங்க. கபால் (ஹாஸ்கெல்லோட பில்ட் டூல்) ஃபைல்ல லைப்ரரி, எக்ஸிக்யூட்டபிள், டெஸ்ட் சூட்னு மூணு பகுதி இருக்கணும், டெஸ்ட் சூட் அந்த லைப்ரரிய டிபெண்டென்ஸியா எடுத்துக்கணும். இத பண்ணாதவங்க சோர்ஸ் ஃபோல்டரையே டெஸ்ட் சூட்டோட சோர்ஸ் லிஸ்ட்லயும் சேத்துடுவாங்க, வேலை செய்யும் தான், ஆனா அதே கோட் ரெண்டு தடவ கம்பைல் ஆகும், டிபெண்டென்ஸி லிஸ்ட்டயும் ரெண்டு எடத்துல எழுதணும்.

வெளிய எக்ஸ்போர்ட் பண்ணாத சின்ன ஃபங்ஷன டெஸ்ட் பண்ணணும்னா அத 'இன்டர்னல்'னு ஒரு மாட்யூலுக்கு நகத்திட்டு, பப்ளிக் மாட்யூல் அதுல இருந்து வேணுங்கறத மட்டும் வெளிய குடுக்கற மாதிரி வைங்க. டெஸ்ட்டுக்காக பப்ளிக் ஏபிஐய திறந்து விட்டா அப்புறம் மூட முடியாது.

அடுத்து, நீங்க ஒப்பிட போற டைப்புக்கெல்லாம் ஈக்யூ, ஷோ ரெண்டு இன்ஸ்டன்ஸும் வேணும். சமமா இல்லையானு பாக்க ஈக்யூ, ஃபெயில் ஆனா ஸ்க்ரீன்ல காட்ட ஷோ. ரெக்கார்டுக்குள்ள ஒரு ஃபங்ஷன வச்சிருந்தீங்கன்னா டிரைவ் பண்ண முடியாது, அங்க தான் பல பேரு டெஸ்ட் ஃபைலுக்குள்ளயே ஒரு ஒப்புக்கு இன்ஸ்டன்ஸ் எழுதி ஒப்பேத்துவாங்க. அதுக்கு பதிலா அந்த ரெக்கார்டுல டேட்டாவ மட்டும் தனி டைப்பா பிரிச்சுட்டா டெஸ்ட்டும் சுலபம், கோடும் சுத்தமாகும்.

கடைசியா, ஒப்பிட்டு பாக்க உங்க நிஜ கோட்ல இருந்தே ஒரு சின்ன ஃபங்ஷன் எடுத்துக்கோங்க, டுடோரியல்ல வர்ற ஒண்ணு கூட்டல் ஒண்ணு வேண்டாம். இந்த கைடு முழுக்க நான் பயன்படுத்த போறது ஒரு ஜோடி: நொடி எண்ணிக்கைய எழுத்தா மாத்துறது ஒண்ணு, அதாவது 90 குடுத்தா "1:30", 3600 குடுத்தா "1:00:00". அந்த எழுத்த திரும்ப நொடியா படிக்கிற பார்ஸர் இன்னொண்ணு.

2. நீங்க எடுக்க போறது ஒரு பொருள் இல்ல, மூணு

இத பிரிச்சு பாக்காததுனால தான் பாதி குழப்பம். "ஹெச்யூனிட்டா குயிக்செக்கா டேஸ்டியா"னு கேக்குறாங்க, மூணும் வேற வேற வேலை செய்யுற சாமான்.

முதல்ல அசர்ஷன் லேயர், இந்த வேல்யூ அந்த வேல்யூவுக்கு சமமானு கேக்குறது. ஹெச்யூனிட் இந்த வகை. ரெண்டாவது ப்ராப்பர்ட்டி லேயர், இன்புட்ட தானே உருவாக்கி விதி உடையுதானு தேடுறது, குயிக்செக்கும் ஹெட்ஜ்ஹாக்கும் இதுல வரும். மூணாவது ரன்னர், எல்லா டெஸ்ட்டையும் கண்டுபிடிச்சு, வரிசைப்படுத்தி, ஓட்டி, ரிசல்ட்ட காட்டி, சரியான எக்ஸிட் கோட் (ப்ரோக்ராம் முடியும்போது திருப்பி குடுக்குற நம்பர், 0னா பாஸ்) குடுக்கறது. டேஸ்டி சுத்தமா ஒரு ரன்னர், மத்ததெல்லாம் டேஸ்டி-ஹெச்யூனிட், டேஸ்டி-குயிக்செக், டேஸ்டி-ஹெட்ஜ்ஹாக், டேஸ்டி-கோல்டன்னு தனித்தனி பேக்கேஜா வந்து ஒட்டிக்கும். ஹெச்ஸ்பெக் ரன்னரும் அசர்ஷனும் சேந்து வர்ற ஒண்ணு, குயிக்செக் சப்போர்ட்டும் கூடவே வருது.

இந்த மூணுல பின்னாடி மாத்துறதுக்கு கஷ்டமானது அசர்ஷன் லேயர், ஏன்னா அது ஒவ்வொரு டெஸ்ட் வரியிலயும் இருக்கு. ரன்னர மாத்துறது ஒவ்வொரு ஃபைலோட மேல் பகுதிய மாத்துறதோட பெரும்பாலும் முடிஞ்சிடும். தினமும் கண்ணுல படுறதும், ஏமாத்துறதும், என்னவோ ரன்னர் தான். அதனால அசர்ஷன்ல ரொம்ப நாள் யோசிக்காம பொதுவானத எடுத்துட்டு, ரன்னர தட்டி பாக்க நேரம் ஒதுக்குங்க.

3. உங்க கோட்ல ப்யூர் எவ்ளோ, ஐஓ எவ்ளோ

மாட்யூல் லிஸ்ட்ட திறந்து வச்சுட்டு ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ப்யூர்னோ (வெளி உலகத்த தொடாது, அதே இன்புட்டுக்கு எப்பவும் அதே விடை) ஐஓனோ எழுதுங்க. சீக்கிரம் முடிஞ்சிடுற வேலை, ஆனா இத செய்யாம அடுத்த ஸ்டெப்புக்கு போனா எத பாத்து முடிவு எடுக்குறோம்னே தெரியாது.

பெரும்பாலும் ப்யூரா இருந்தா, அதாவது பார்ஸர், கணக்கு, டேட்டா மாத்துறது மாதிரி, உங்களுக்கு ப்ராப்பர்ட்டி லேயர் தான் முக்கியம், ரன்னர் எதுவா இருந்தாலும் ஒப்பேறிடும். டேட்டாபேஸ், ஃபைல், நெட்வொர்க்னு ஐஓ ஜாஸ்தினா ரிசோர்ஸ திறந்து மூடுற வசதி, பேரலல கட்டுப்படுத்துற வசதி இந்த ரெண்டையும் தான் பாக்கணும். கம்பைலர், ரிப்போர்ட் ஜெனரேட்டர் மாதிரி பெரிய டெக்ஸ்ட் அவுட்புட் வர்ற ப்ராஜெக்ட்டா இருந்தா கோல்டன் டெஸ்ட் வேணும், அதாவது சரியான அவுட்புட்ட ஒரு ஃபைல்ல வச்சுட்டு ஒவ்வொரு தடவையும் அதோட ஒப்பிடுறது.

ஐஓவும் கணக்கும் ஒரே ஃபங்ஷன்ல பின்னி கெடந்தா எந்த ஃப்ரேம்வொர்க்கும் காப்பாத்தாது. முதல்ல அத பிரிங்க.

4. ரெண்டே ரெண்டு கேண்டிடேட், அதுக்கு மேல வேண்டாம்

ஹாஸ்கெல்ல இன்னைக்கு நான் ஒருத்தருக்கு சொல்றது ஹெச்ஸ்பெக், டேஸ்டி ரெண்டையும் ஒப்பிட்டு பாருங்கனு தான். ஹெச்யூனிட்ட மட்டும் தனியா ரன்னரா வச்சுக்காதீங்க, ஏன்னு அடுத்த பகுதியில வருது.

ஹெச்ஸ்பெக்ல டெஸ்ட் 'டிஸ்க்ரைப்', 'இட்'னு வாக்கியம் மாதிரி படிக்க வரும், கோட் தெரியாத ஒருத்தர் பக்கத்துல உக்காந்து படிச்சாலும் என்ன எதிர்பாக்குறோம்னு புரியும். ஃபைல தானா தேடுற ஹெச்ஸ்பெக்-டிஸ்கவர் கூடவே இருக்கு. டேஸ்டில எல்லாமே ஒரு மரம், க்ரூப்புக்குள்ள க்ரூப், அதுக்குள்ள டெஸ்ட் கேஸ், ப்ராப்பர்ட்டி, கோல்டன் எல்லாம் கலந்து வைக்கலாம். டெஸ்ட் வெறும் வேல்யூ தான்ங்கறது அங்க கண்ணுக்கு நேரா தெரியும், லிஸ்ட்ட மேப் பண்ணி டெஸ்ட்ட உருவாக்கறது ரொம்ப இயல்பா வரும்.

என் சாய்வு என்னன்னா, கோல்டன் டெஸ்ட் வேணும், பல வகை கலக்கணும்னா டேஸ்டி, மத்தபடி டீம்ல புது ஆளுங்க இருந்தா ஹெச்ஸ்பெக். கிட்ஹப் ஸ்டார் எண்ணிக்கைய வச்சு முடிவு பண்றவங்கள பாத்தா எனக்கு கொஞ்சம் எரிச்சல் தான் வரும், அந்த நம்பர் உங்க டெஸ்ட் ஃபெயில் ஆகும்போது என்ன காட்டும்னு சொல்லாது.

5. வேணும்னே உடைச்சு பாருங்க

இது தான் முக்கியமான ஸ்டெப், புதுசா வர்றவங்க தாண்டி போறதும் இதத்தான். பாஸ் ஆகுற டெஸ்ட்ட பாத்தா எல்லா ஃப்ரேம்வொர்க்கும் ஒரே மாதிரி தான் இருக்கும். ரெண்டு கேண்டிடேட்லயும் அந்த நொடி ஃபங்ஷனுக்கு ஒரு டெஸ்ட் எழுதுங்க, கீழ சொல்ற மாதிரி ஒவ்வொண்ணா உடைங்க.

முதல்ல எதிர்பாக்குற வேல்யூவ தப்பா போட்டு மெசேஜ படிங்க. எது எதிர்பாத்தது, எது வந்ததுனு தெளிவா தெரியுதா? இங்க ஒரு பள்ளம் இருக்கு. ஹெச்யூனிட்ல அசர்ட்ஈக்வல் ஃபங்ஷன் எதிர்பாக்குறத முதல்ல வாங்கும், வந்தத அப்புறம் வாங்கும். ஆனா அதே ஹெச்யூனிட்ல அட் குறி, கேள்விக்குறி, சமம்னு வரிசையா வர்ற ஆபரேட்டருக்கு வந்தது இடது பக்கம், எதிர்பாக்குறது வலது பக்கம். சமக்குறிக்கு எந்த பக்கம் கேள்விக்குறி இருக்கோ அந்த பக்கம் தான் சந்தேகமான வேல்யூ, அதாவது வந்தது, அப்படினு ஞாபகம் வச்சுக்கலாம்: கேள்விக்குறி நடுவுல வந்தா வந்தது இடது பக்கம், கடைசியில வந்தா வந்தது வலது பக்கம், இப்படி ரெண்டு ஆபரேட்டர் இருக்கு. ஒண்ண மட்டும் டீம் முழுக்க வச்சுக்கோங்க. மாத்தி போட்டாலும் டெஸ்ட் பாஸ் ஆகும், ஃபெயில் ஆகுற அன்னைக்கு மட்டும் மெசேஜ் தலைகீழா வந்து தப்பான எடத்துல பக் தேட வைக்கும். ஹெச்ஸ்பெக்கோட ஷுட்பில இந்த குழப்பம் கம்மி, வாக்கியம் மாதிரி படிக்கறதால கை தானா சரியா எழுதும்.

உங்க டேட்டால தமிழ் எழுத்து வருதுனா அதையும் ஒரு ஃபெயில் டெஸ்ட்ல போட்டு பாருங்க. ஹாஸ்கெல்லோட ஷோ ஆஸ்கி இல்லாத எழுத்த நம்பரா மாத்திடும், "அம்மா"னு இருக்க வேண்டிய எடத்துல \2949\2990\3021\2990\3006னு வரும். இத பாத்து எந்த எழுத்து தப்புனு கண்டுபிடிக்க சொன்னா யாருக்கும் முடியாது.

ரெண்டாவது எக்ஸிட் கோட். ஒரு டெஸ்ட்ட ஃபெயில் பண்ண வச்சு, ஓடி முடிஞ்ச உடனே ஷெல்லுல எக்ஸிட் கோட் என்னனு பாருங்க, 0னு வந்தா ஆபத்து. கபாலோட வழக்கமான டெஸ்ட் சூட் வகை அந்த எக்ஸிட் கோட மட்டும் தான் நம்பும். ஹெச்யூனிட்டோட பழைய ரன்டெஸ்ட்டிடி ஃபங்ஷன் ஃபெயில் எண்ணிக்கைய திருப்பி குடுக்கும், ஆனா ப்ரோக்ராம ஃபெயிலா முடிக்காது. மெயின்ல அத மட்டும் கூப்பிட்டு விட்டா ஸ்க்ரீன்ல ஃபெயில்னு எழுதிட்டு 0ல வெளிய வரும், கபால் பாஸ்னு சொல்லும், சிஐயும் (புஷ் பண்ற ஒவ்வொரு தடவையும் டெஸ்ட்ட தானா ஓட்டுற சர்வர்) பச்சை. புது வெர்ஷன்கள்ல அதே பேரோட கடைசியில 'அண்ட்எக்ஸிட்'னு சேத்த ஒண்ணு இருக்கு, அது சரியா முடிக்கும். வெறும் குயிக்செக் ஃபங்ஷன மெயின்ல கூப்பிடுறதுக்கும் இதே வியாதி தான். ஹெச்ஸ்பெக், டேஸ்டி ரெண்டும் தானாவே ஃபெயில் கோட் குடுக்கும், நான் ரன்னர் வேணும்னு சொல்றதுக்கு இது ஒண்ணே போதும்.

கபால் டெஸ்ட் ஓட்டும்போது அவுட்புட்டே வரலனு சிலர் பயந்துடுவாங்க. பாஸ் ஆனா அது லாக் ஃபைலுக்கு போயிடும். டெஸ்ட்-ஷோ-டீடெய்ல்ஸ் ஆப்ஷன 'டைரக்ட்'னு குடுத்தா நேரா ஸ்க்ரீன்ல வரும், இத ப்ராஜெக்ட் ஃபைல்லயே எழுதி வச்சுடுங்க.

மூணாவது சோம்பேறி கணக்கு. பார்ஸர் சக்ஸஸ்னு சொல்லிட்டு உள்ள இருக்குற வேல்யூல 'அன்டிஃபைன்ட்' (கணக்கு போட போனா எர்ரர் ஆகுற வேல்யூ) வச்சு பாருங்க. டெஸ்ட் "ரைட்டா (சக்ஸஸ்) லெஃப்டா (எர்ரர்)"னு மட்டும் கேட்டுச்சுன்னா சந்தோஷமா பாஸ் ஆகும், ஏன்னா உள்ள இருக்குறத யாரும் தொடல. எக்ஸப்ஷன் டெஸ்ட்லயும் இதே கதை தான், 1ஐ 0ஆல வகுக்கறத ரிட்டர்ன்ல போட்டு எக்ஸப்ஷன் வருதானு பாத்தா வராது, கணக்கே நடக்கலையே. எவால்யூவேட் ஃபங்ஷன் வழியா குடுத்தா வரும். அதுவும் வெளி ஓடு வரைக்கும் தான் கணக்கு போடும், லிஸ்ட்டுக்குள்ள, ரெக்கார்டுக்குள்ள ஒளிஞ்சிருக்குற எக்ஸப்ஷன் வேணும்னா டீப்செக் பேக்கேஜ்ல இருக்குற ஃபோர்ஸையும் சேக்கணும்.

நாலாவது, ஒரு டெஸ்ட் ஃபைலோட பேர மாத்தி பாருங்க. ஹெச்ஸ்பெக்-டிஸ்கவர் 'ஸ்பெக்'னு பேர் முடியுற ஃபைல மட்டும் தான் எடுக்கும், அதுக்குள்ள 'ஸ்பெக்'ங்கற பேர்ல ஒண்ண எக்ஸ்போர்ட்டும் பண்ணியிருக்கணும். ஃபைல் பேர்ல கடைசி எழுத்துல எஸ் ஒண்ணு சேந்து 'ஸ்பெக்ஸ்'னு ஆயிட்டா அந்த ஃபைல் அப்படியே காணாம போயிடும், எர்ரரும் கிடையாது. டேஸ்டி-டிஸ்கவர் ஃபங்ஷன் பேரோட முன்னாடி வர்ற 'ப்ராப்', 'யூனிட்' மாதிரி முன்னொட்ட பாக்கும், அதுலயும் எழுத்துப்பிழை வந்தா அதே கதி. கையால மரத்துல சேத்தா கம்பைலரோட பயன்படுத்தாத பேர் வார்னிங் ஓரளவு காப்பாத்தும், அதனால சின்ன ப்ராஜெக்ட்டுக்கு கையாலயே சேக்கறது எனக்கு பிடிக்கும். எப்படியா இருந்தாலும் கடைசியில வர்ற மொத்த டெஸ்ட் எண்ணிக்கைய பாக்குற பழக்கம் வேணும்.

டிஸ்கவர் கருவிய சேக்கும்போது அத கபால் ஃபைல்ல பில்ட் டூல் டிபெண்டென்ஸியா எழுத மறந்துட்டு, தன் மெஷின்ல ஓடுது சிஐல ஓடலனு முழிக்கறதும் சகஜம்.

6. ப்ராப்பர்ட்டி லேயர்: குயிக்செக்கா ஹெட்ஜ்ஹாக்கா

முதல்ல ஒரு எச்சரிக்கை. ஜிஹெச்சிஐ (ஹாஸ்கெல் வரிய டைப் பண்ணி உடனே ஓட்டி பாக்குற கருவி) ப்ராம்ப்ட்ல "எந்த லிஸ்ட்ட திருப்பி போட்டாலும் அதே லிஸ்ட் தான்"னு ஒரு அப்பட்டமான தப்பு விதிய டைப் எழுதாம குயிக்செக்குக்கு குடுங்க. 100 டெஸ்ட் பாஸ்னு சொல்லும். டைப் எதுவும் சொல்லாததால ஜிஹெச்சிஐ அத வெறும் யூனிட் வேல்யூ லிஸ்ட்டா எடுத்துக்கும், எல்லாம் ஒரே வேல்யூ, திருப்பினாலும் அதே தான். ப்ராப்பர்ட்டிக்கு எப்பவும் டைப் சிக்னேச்சர் எழுதுங்க.

இப்ப நம்ம ஜோடி. "நொடிய எழுத்தா மாத்தி திரும்ப படிச்சா அதே நொடி வரணும்"னு ஒரு ப்ராப்பர்ட்டி. குயிக்செக்ல இன்ட் குடுத்தா சீக்கிரமே -1 மாதிரி ஒரு மைனஸ் நம்பர்ல உடையும். உடனே புதுசா வந்தவங்க செய்யுறது, "0 விட பெருசா இருந்தா மட்டும்"னு கண்டிஷன் அம்பு போடுறது. இங்க பாதி தான் வீணாகும், ஓடிடும். ஆனா இதே பழக்கத்துல நாலு கண்டிஷன அடுக்கினா பொருந்தாத இன்புட்ட தூக்கி போட்டுட்டே இருந்து ஒரு எல்லையில கை விட்டுடும், வழக்கமா 100 டெஸ்ட்டுக்கு 1000 வரைக்கும் தள்ளி பாக்கும், அப்புறம் கிவ் அப்னு வரும். நான்நெகட்டிவ் மாதிரி ரெடியா இருக்குற உறைய (ராப்பர் டைப்ப) பயன்படுத்துங்க, இல்லன்னா சொந்த ஜெனரேட்டர் எழுதுங்க, தப்பான இன்புட்ட உருவாக்கி வடிகட்டுறத விட சரியானத மட்டும் உருவாக்கறது தான் வழி.

அடுத்தது இன்னும் நுணுக்கமானது. பார்ஸர் "நிமிஷம்:நொடி" மட்டும் படிக்கும், மணி வந்தா விழுந்துடும்னு ஒரு பக் இருக்குனு வைங்க. குயிக்செக் வழக்கமா உருவாக்குற இன்ட் சின்ன ரேஞ்சுலயே சுத்தும், ஏறக்குறைய -100ல இருந்து 100க்குள்ள. 3600ஐ அது எட்டி கூட பாக்காது. ப்ராப்பர்ட்டி பாஸ், மணி கணக்கு ஒடஞ்சு கெடக்கும். 'லார்ஜ்' உறை போடலாம், இல்லன்னா 0ல இருந்து 86399 வரைக்கும்னு நேரா சொல்லலாம்.

ஹெட்ஜ்ஹாக்ல இந்த பள்ளத்துல விழறது கஷ்டம். அங்க இன்ட் வேணும்னா ரேஞ்ச நீங்க எழுதியே ஆகணும், எழுதும்போதே "மேல எது வரைக்கும்"ங்கற கேள்வி வந்துடும். ஃபெயில் ஆனா இன்புட்ட சின்னதாக்கற வேலையும் ஜெனரேட்டரோடவே சேந்து வருது, மேல சொன்ன பக்க 3600னு கச்சிதமா கொண்டு வந்து நிறுத்தும். குயிக்செக்ல சொந்த டைப்புக்கு ஆர்பிட்ரரி இன்ஸ்டன்ஸ் (ரேண்டம் வேல்யூவ எப்படி உருவாக்கணும்னு சொல்றது) எழுதி, ஷ்ரிங்க்க எழுதாம விட்டா சின்னதாக்கறதே நடக்காது, நாலு பக்கத்துக்கு ஒரு ரெக்கார்டு ஸ்க்ரீன்ல கொட்டும். ஜெனரிக்ஷ்ரிங்க்க ஒரு வரியில சேத்தா பெரும்பாலும் தீரும், ஆனா அது உங்க டைப்போட விதிகள மதிக்காது, மாசம் 0 மாதிரி செல்லாத வேல்யூவ உருவாக்கி புது குழப்பம் குடுக்கும்.

அப்படினா எல்லாரும் ஹெட்ஜ்ஹாக்கா? இல்ல. ஃபங்க்டர், மோனாட் விதிகள டெஸ்ட் பண்றவங்களுக்கு டைப் பாத்து தானா ஜெனரேட்டர் கிடைக்கிற குயிக்செக் வசதி அதிகம், ரேண்டமா ஃபங்ஷனையே உருவாக்கறதும் அங்க நல்லா இருக்கு, ஏற்கனவே இன்ஸ்டன்ஸ் எழுதி வச்ச லைப்ரரியும் நிறைய. விதிகள் உள்ள டொமைன் டேட்டா அதிகம்னா ஹெட்ஜ்ஹாக். ரெண்டையும் ஒரே ப்ராஜெக்ட்ல கலக்காதீங்க, ஒரே டைப்புக்கு ரெண்டு ஜெனரேட்டர் எழுதி ரெண்டும் வேற வேற பக்கம் போயிடும்.

ப்ராப்பர்ட்டி இருந்தா சாதா டெஸ்ட் வேண்டாம்னு நெனைக்கறவங்களுக்கு: ஃபங்ஷன் 65 நொடிய "1:05"னு எழுதாம "1:5"னு எழுதுதுனு வைங்க. பார்ஸர் அத படிச்சு 65னே திருப்பி குடுக்கும். போய் திரும்பி வர்ற ப்ராப்பர்ட்டி ஆயிரம் தடவ ஓடினாலும் பாஸ். "65க்கு 1:05 வரணும்"னு கையால எழுதின ஒரு வரி டெஸ்ட் தான் இத பிடிக்கும்.

7. ரிசோர்ஸ், பேரலல், கோல்டன்

டேஸ்டி டெஸ்ட்டுகள பேரலலா ஓட்டும், அதுவும் த்ரெடட் ஆப்ஷனோட லிங்க் பண்ணி, ரன்டைமுக்கு பல கோர் குடுத்தப்ப மட்டும். அதனால தான் லேப்டாப்ல பாஸ் ஆகுறது சிஐல சில சமயம் மட்டும் விழும், ரெண்டு டெஸ்ட் ஒரே டெம்பரரி ஃபைல்ல எழுதுறது, ஒரே டேபிள காலி பண்றது. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் தனி ஃபோல்டர், தனி ட்ரான்ஸாக்ஷன் குடுங்க. அது முடியலனா த்ரெட் எண்ணிக்கைய 1னு வைங்க, வரிசை முக்கியமான க்ரூப்புக்கு மட்டும் சீக்வென்ஷியல் க்ரூப் இருக்கு. ஹெச்ஸ்பெக் வழக்கமா ஒண்ணு பின்னாடி ஒண்ணா தான் ஓட்டும், வேணுங்கற எடத்துல பேரலல்னு நீங்க சொல்லணும். ஐஓ அதிகமான கோடுக்கு இந்த வழக்கம் தான் பாதுகாப்பு.

டேஸ்டியோட வித்ரிசோர்ஸ் எல்லாரையும் ஒரு தடவ தடுக்கி விடும். அது கனெக்ஷன நேரா கையில குடுக்காது, கனெக்ஷன எடுத்து தர்ற ஒரு ஐஓ ஆக்ஷன தான் குடுக்கும். மரம் கட்டுற நேரத்துல ரிசோர்ஸ் இன்னும் திறக்கவே இல்ல, டெஸ்ட் ஓடுறப்ப தான் திறக்கும், அதனால டெஸ்ட் கேஸுக்குள்ள போய் அந்த ஆக்ஷன ஓட்டி எடுக்கணும். ஹெச்ஸ்பெக்ல 'அரவுண்ட்' போட்டா வேல்யூ நேரா ஆர்கியுமென்ட்டா வரும், கொஞ்சம் சுகம்.

கோல்டன் டெஸ்ட்ல ரெண்டு விஷயம். டேஸ்டி-கோல்டன் ஒப்பிட வேண்டிய ஃபைல் இல்லன்னா தானே உருவாக்கிட்டு பாஸ்னு சொல்லிடும். அந்த ஃபைல கமிட் பண்ண மறந்தா சிஐ ஒவ்வொரு தடவையும் புதுசா எழுதி ஒவ்வொரு தடவையும் பாஸ். சிஐல 'நோ-க்ரியேட்' ஆப்ஷன் கட்டாயம் போடுங்க. இன்னொண்ணு, 'அக்செப்ட்' குடுத்த பிறகு கிட் டிஃப் பாக்காம கமிட் பண்ணாதீங்க, பக்கையே சரியான விடையா பதிஞ்சு வச்சுடுவீங்க.

8. மத்த லாங்குவேஜ் ஆளுங்களுக்கு

எலிக்ஸிர்ல தேர்வே கிடையாது, எக்ஸ்யூனிட் கூடவே வருது, நல்லாவும் இருக்கு, ப்ராப்பர்ட்டிக்கு ஸ்ட்ரீம்டேட்டா சேத்துக்கோங்க. அண்டர்ஸ்கோர் டெஸ்ட்னு முடியாத ஃபைல் ஓடாது, அத மட்டும் கவனிங்க.

எர்லாங்ல ஈயூனிட். அங்க டெஸ்ட் ஃபங்ஷன் பேர் 'அண்டர்ஸ்கோர் டெஸ்ட்'னு முடியணும், டெஸ்ட்ட உருவாக்கி தர்ற ஜெனரேட்டர்னா அதுக்கு பின்னாடி இன்னொரு அண்டர்ஸ்கோர் வரணும். அந்த கடைசி அண்டர்ஸ்கோர விட்டீங்கன்னா ஜெனரேட்டர சாதா டெஸ்ட்டா ஓட்டும், அது ஒரு லிஸ்ட்ட திருப்பி குடுக்கும், எக்ஸப்ஷன் வரலையா, பாஸ். உள்ள இருக்குற ஒரு அசர்ஷன் கூட ஓடியிருக்காது. ஒரு டெஸ்ட்டுக்கு வழக்கமான டைம்அவுட் 5 நொடி, பல ப்ராசஸ் சேந்து ஓடுற பெரிய சிஸ்டத்துக்கு எர்லாங்கோட இன்னொரு ஃப்ரேம்வொர்க்கான காமன் டெஸ்ட் பக்கம் போங்க.

க்ளோஜர்ல க்ளோஜர் டெஸ்ட் போதும், ரன்னரா கவோச்சா நல்லா இருக்கும். அங்க பொறி என்னன்னா, டெஸ்ட்டுக்குள்ள 'ஃபார்' போட்டு அதுக்குள்ள அசர்ஷன் எழுதுறது. 'ஃபார்' சோம்பேறி லிஸ்ட், யாரும் கேக்கலனா ஓடாது. ரிசல்ட்ல 0 அசர்ஷன்னு ஒரு நம்பர் வரும், அத யாரும் படிக்கறதில்ல. 'டூசீக்' போடுங்க.

ஓகேமல்ல ஓயூனிட்ல ப்ரிண்டர் குடுக்காம விட்டா ஃபெயில் ஆனப்ப 'நாட் ஈக்வல்'னு மட்டும் சொல்லும், என்ன வந்துச்சுனே தெரியாது. ஆல்காடெஸ்ட் ப்ரிண்டரையும் சமம் பாக்குற ஃபங்ஷனையும் சேத்து கட்டாயமா கேக்கும், எழுதும்போது எரிச்சலா இருக்கும், ஆனா நான் அதத்தான் எடுப்பேன். டியூன் (ஓகேமலோட பில்ட் டூல்) டெஸ்ட் எதுவும் மாறலனா திரும்ப ஓட்டாது, ஒண்ணுமே ப்ரிண்ட் ஆகலனு பதறாம 'ஃபோர்ஸ்' குடுங்க.

ஸ்காலால ஸ்காலாடெஸ்ட்ல எழுதுற ஸ்டைல் பல வகை இருக்கு, டீமுக்கு ஒண்ணுனு முடிவு பண்ணலனா ஃபைலுக்கு ஒரு பாணி ஆயிடும், அந்த தலைவலி வேண்டாம்னா எம்யூனிட். கேட்ஸ் எஃபெக்ட் ஐஓ பயன்படுத்துறவங்க அத புரிஞ்சுக்குற இன்டக்ரேஷன சேத்தே ஆகணும், இல்லன்னா ஐஓ வேல்யூ ஓடாமலே டெஸ்ட் முடிஞ்சிடும் அபாயம் இருக்கு. எஃப் ஷார்ப்ல எக்ஸ்பெக்டோ டேஸ்டி மாதிரியே டெஸ்ட்ட வேல்யூவா பாக்குது, பேரலலும் வழக்கமாவே உண்டு, ப்ராப்பர்ட்டிக்கு எஃப்எஸ்செக்.

9. சிஐல போடுறதுக்கு முன்னாடி

ப்ராப்பர்ட்டி ஃபெயில் ஆனா சீட் நம்பர் (ரேண்டம் இன்புட் எல்லாம் எந்த நம்பர்ல இருந்து உருவாச்சோ அது) ப்ரிண்ட் ஆகுதா, அத வச்சு உங்க மெஷின்ல அதே ஃபெயில திரும்ப கொண்டு வர முடியுதானு ஒரு தடவ செஞ்சு பாருங்க. டேஸ்டில குயிக்செக்-ரீப்ளே, ஹெச்ஸ்பெக்ல சீட் ஆப்ஷன். இது தெரியாதவங்க ரீ-ரன் பட்டன அமுக்கிட்டு பச்சை வந்த உடனே மெர்ஜ் பண்ணிடுவாங்க, நிஜ பக் கைக்கு வந்து நழுவி போகும்.

ஒரே ஒரு டெஸ்ட்ட மட்டும் ஓட்டுறது எப்படினு டீம் முழுக்க தெரியணும், டேஸ்டில பேட்டர்ன் ஆப்ஷன், ஹெச்ஸ்பெக்ல மேட்ச். ஹெச்ஸ்பெக்ல 'ஃபோகஸ்' போட்டு ஒண்ண மட்டும் ஓட்டிட்டு அப்படியே கமிட் பண்ணிட்டா மத்த எல்லா டெஸ்ட்டும் சிஐல தூங்கும், ஃபோகஸ் இருந்தா ஃபெயில் ஆகுற ஆப்ஷன சிஐல போட்டு வைங்க. எக்ஸ்பெக்டோலயும் இதே மாதிரி ஒரு ஆப்ஷன் உண்டு.

மாட்டியதும் ஒரு ப்ராஞ்ச்ல வேணும்னே ஒரு டெஸ்ட்ட உடைச்சு புஷ் பண்ணுங்க. சிஐ சிவப்பு ஆகணும். ஆகலனா 5வது பகுதிக்கு திரும்ப போங்க.

10. ஏற்கனவே வேற ஒண்ணு ஓடிட்டு இருந்தா

பழைய டெஸ்ட் நிறைய இருக்குற ப்ராஜெக்ட்ல எல்லாத்தையும் ஒரே அடியா மாத்தி எழுதாதீங்க. ஹெச்யூனிட் டெஸ்ட்ட ஹெச்ஸ்பெக்குக்குள்ள கொண்டு வர ஹெச்ஸ்பெக்-கான்ட்ரிப்ல பாலம் இருக்கு, ஹெச்ஸ்பெக் ஸ்பெக்க டேஸ்டி மரத்துல தொங்க விட டேஸ்டி-ஹெச்ஸ்பெக் இருக்கு. முதல்ல ரன்னர மட்டும் மாத்துங்க, பழைய அசர்ஷன் அப்படியே இருக்கட்டும், எக்ஸிட் கோட் சரியாகறதே பெரிய லாபம்.

மாத்துறதுக்கு முன்னாடி பழைய ரன்னர் காட்டுற மொத்த எண்ணிக்கைய குறிச்சு வைங்க, மாத்துன பிறகு புதுசோட ஒப்பிடுங்க. பழைய ரன்னர் அசர்ஷன எண்ணுதா டெஸ்ட் கேஸ எண்ணுதானு பாத்துக்கணும், நம்பர் அப்படியே ஒத்து போகாம இருக்கலாம். கொறஞ்சிருந்தா எந்த ஃபைல்னு பேர் பேரா தேடி கண்டுபிடிச்ச பிறகு தான் பழைய மெயின் ஃபைல அழிக்கணும். புது ரன்னர்ல திடீர்னு நாலஞ்சு டெஸ்ட் சிவப்பா வந்தா ஃப்ரேம்வொர்க்க திட்டிட்டு திரும்பி போகாதீங்க, பழசுல அதுங்க ஃபெயில் ஆகிட்டு 0ல வெளிய வந்துட்டு இருந்திருக்கும், பழைய லாக்க திறந்து பாத்தா அங்கயே எழுதியிருக்கும்.